சிவப்புத் தொப்பி ஏறிய குதிரை

செய்தி வந்தபோது காலை மணி ஆறேமுக்கால். அடுப்பில் பால் பொங்க வந்துகொண்டிருந்தது. பத்திரிகை ஆபீஸிலிருந்து உதவி ஆசிரியர் பேசினார். அந்த நேரத்தில் எழுந்திருக்கிற மனிதர் இல்லை அவர். "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று முதலில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா பந்தய மைதானத்து வேலிக் கம்பியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றிருக்கிறார். ஒரு குதிரை அவரைக் கடந்து ஓடியிருக்கிறது. குதிரை போன பக்கம் அவர் தலை திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவர் அதைத்தான் முதலில் கவனித்திருக்கிறார். "என்ன சார், தூக்கமா?" என்று தோளைத் தொட்டாராம்.

மறுநாள் பத்திரிகையில் கட்டம் கட்டி, பழைய படம் ஒன்றைப் போட்டு, நாலு வரி எழுதியிருந்தார்கள். நாலு வரியிலும் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அவரோடு ஒரு டீ குடித்தவர்கூட அதில் அவரை அடையாளம் காண முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மைதானத்தில் அவருக்குப் பெயர் கம்பி. கம்பி சார் என்றும் சொல்வார்கள், ஆள் இல்லாதபோது வெறும் கம்பி. வேலிக் கம்பியை அவர் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். ஒல்லியாகவும் இருந்தார் என்பதால் நிலைத்துவிட்டது. பந்தயத்துக்கு முந்தின நாள் மாலைப் பத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கம் அவருடையது. எந்த ஓட்டத்தில் எந்தக் குதிரை முன்னால் வரக்கூடும், ஏன் என்று எழுதுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூன்று பெயர்கள். அன்றைய மொத்தப் பந்தயத்திலும் ஒரே ஒரு குதிரைக்கு மட்டும் பெயர் தடித்த எழுத்தில் வரும். அதைக் 'கொட்டை எழுத்துக் குதிரை' என்பார்கள். மற்றதையெல்லாம் படிக்காமல் அந்த ஒரு பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

அவர் ஒரு தடவைகூடப் பந்தயம் கட்டியதில்லை. மைதானத்து டீக்கடைக்காரருக்கு இது தீராத ஆச்சரியம். "ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு நீங்க மட்டும் ஒரு வாய்கூட வெக்க மாட்டேங்கிறீங்களே சார், சமையல்மேலயே சந்தேகம் வருதே" என்பார். அப்பா டீயை ஊதிக்கொண்டே, "சாப்புட்டா ருசி தெரியாமப் போயிரும்பா" என்பார்.

அவருடைய உண்மையான வேலை விடியற்காலையில். பந்தயக் குதிரைகள் அப்போதுதான் ஓட்டப்பயிற்சிக்கு வரும். எந்தக் குதிரை எந்த நாள் எப்படி ஓடியது, ஓடி முடித்து எப்படி மூச்சு வாங்கியது, திரும்பி நடக்கும்போது எந்தக் காலை எப்படி வைத்தது என்று பார்த்துத்தான் அவர் முன்னோட்டம் எழுதினார். பந்தய நாளில் ஒவ்வொரு குதிரை முதுகிலும் எண் எழுதிய துணி இருக்கும். விடியற்காலையில் அதெல்லாம் கிடையாது. பாதி இருட்டில் மண் பறக்க ஒரு கூட்டம் வரும், போகும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பின்னங்காலில் வெள்ளை, வாலின் நீளம், தலையைத் தூக்கும் விதம் என்று இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே இருக்கிற ஆளைப் பார்த்துக் குதிரையைச் சொல்லக்கூடாது என்பார். ஆள் மாறுவான். சந்தேகமாக இருந்தால் அந்தக் குதிரைக்கு நேராக 'தெரியவில்லை' என்று போட்டுவிடுவார். எழுதியதைத் தட்டச்சு செய்து ஆபீஸுக்கு அனுப்புவது நான். உதவி ஆசிரியர் என்னிடம் புலம்புவார்.

"தெரியவில்லைன்னு போடுறதைப் படிக்கவா பேப்பர் வாங்குறாங்க? அப்பாகிட்ட சொல்லும்மா."

அப்பாவிடம் சொல்வேன். "தெரிஞ்ச மாதிரி போடுறதைப் படிக்கவும் வாங்கலையே" என்பார்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "நான் கண்ணாடி மாத்தி ஆறு மாசம் ஆச்சு, இந்த மனுஷனுக்குத் தெரியல. எவனோ ஒருத்தன் குதிரைக்கு லாடம் மாத்துனா மட்டும் தெரியும்."

என் தம்பி ஜாக்கி ஆனான். சின்ன உடம்பு, சின்ன எலும்பு. பள்ளிக்கூடம் முடிகிறவரை வரிசையில் முதல் ஆளாகவே நின்றவன். அப்பா அவனைத் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. லைசென்ஸ் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் ஒன்று மட்டும் சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள குதிரைப் பேச்சு கிடையாது. நீ ஏறுற குதிரையைப் பத்தியும் நான் எழுதுவேன். எது நல்ல குதிரைன்னு நீ எங்கிட்ட கேக்கக்கூடாது. லாயத்துல என்ன நடக்குதுன்னு நான் உங்கிட்ட கேக்க மாட்டேன்."

"அப்போ ரெண்டு பேரும் என்னத்தைத்தான் பேசுவீங்க?" என்றாள் அம்மா.

குழாயில் தண்ணீர் வராததையும் என் கல்யாணத்தையும் பேசினார்கள். மற்றபடி வாய் திறக்கவில்லை. தம்பி ஏறும் குதிரையை அப்பா ஒருநாளும் கொட்டை எழுத்தில் போட்டதில்லை. தகுதி இருந்தாலும் இரண்டாவது பெயராகத்தான் போடுவார். மைதானத்தில் இதுவே ஒரு கணக்காகிவிட்டது. "கம்பி போடலையா? அப்ப பையன் குதிரை மேல கட்டிரலாம்" என்று பேசிக்கொள்வார்கள். தம்பிக்கு அது காதில் விழாமல் இருக்குமா? ஒருமுறை என்னிடம் கேட்டான்: "அவருக்கு என் மேல நம்பிக்கை இல்லையா, இல்ல குதிரை மேலயா?"

இப்படியே ஓரிரண்டு வருடம் போனது. பிறகு அந்த வாரம் வந்தது.

பருவத்தின் பெரிய பந்தயம் சனிக்கிழமை, ஆறாவது ஓட்டம். ஒரு பெரிய லாயத்திலிருந்து இரண்டு குதிரைகள் அதில் ஓடுவதாக இருந்தன. சாமரம், கூர்மதி. இரண்டும் அடர்ந்த பழுப்பு, இரண்டுக்கும் நெற்றியில் பொட்டு. சாமரத்துக்கு இடது பின்னங்காலில் வெள்ளை உண்டு, கூர்மதிக்கு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த லாயத்தின் மூத்த ஜாக்கி தோள்பட்டை நகர்ந்து படுத்துவிட்டார். பயிற்சியாளர் என் தம்பியைக் கூப்பிட்டு, "ரெண்டுல எதுல ஏறுறேன்னு வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லு. மிச்சத்தை வேற ஆளுக்குக் குடுப்பேன்" என்றார்.

அவன் வயதில் யாருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. புதன்கிழமை முழுவதும் அவன் சாப்பிடவில்லை. ஜாக்கிகள் சாப்பிடாமல் இருப்பது புதிதில்லை, ஆனால் அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தான். காலையில் அவன் வேறொரு லாயத்தின் குதிரைகளை ஓட்டுகிறவன். இந்த இரண்டின் ஓட்டத்தை அவன் பார்க்க வழியில்லை. கடைசியில் அப்பா செருப்பு மாட்டும்போது எதிரில் போய் நின்றான்.

"அப்பா. ஒரே ஒரு தடவை. எது?"

அப்பா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரைப் பூட்டினார், அவிழ்த்து மறுபடி பூட்டினார். "நாளைக்குக் காலையில பாத்துட்டு வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை திரும்பி வந்தவர் குளிக்கக்கூட இல்லை. நேராகத் தம்பி அறைக்குப் போய், "சாமரம்" என்றார். அந்த ஒரு சொல்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன் வீட்டுக்குள் நுழையும் முகம். அன்று எழுதியதை நான் தட்டச்சு செய்தபோது ஆறாவது ஓட்டத்தில் சாமரத்தின் கீழே கோடு போட்டிருந்தார். கொட்டை எழுத்து. நம்பாமல் போய்க் கேட்டேன்.

"போடு" என்றார். "அப்படி ஒரு ஓட்டம் இந்த வருஷம் நான் பாக்கல. பையன் ஏறுறாங்கிறதுக்காக இருக்குறதை இல்லைன்னு எழுத முடியுமா?"

வெள்ளிக்கிழமை மாலை தம்பி அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டான். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

சனிக்கிழமை அம்மா என்னை அனுப்பினாள். "எனக்குப் பாக்குற தைரியம் இல்ல. நீ போ. முடிஞ்சதும் போன் பண்ணு. ஜெயிச்சான்னு சொல்லாத, முழுசா இருக்கான்னு சொல்லு."

மைதானத்தில் எங்கு திரும்பினாலும் மடித்த பத்திரிகை. அப்பாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இரண்டு விரலால் சலாம் வைத்தார்கள். "சார், கடைசியில பாசம் ஜெயிச்சிருச்சு போல!" என்று ஒருவர் கத்தினார். அப்பா சிரித்தார். இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் பார்வையாளர் கூடத்துக்குப் பின்னால் டீ குடிக்கப் போனோம். அந்த லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துக் கழுவும் ஆள் அங்கே நின்றிருந்தார். அவரை லாயக்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"என்ன கம்பி சார், நம்ம குதிரைக்குக் கொட்டை எழுத்தா! முதலாளி அந்தப் பேப்பரை வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்காரு."

"நான் எங்க போட்டேன்? அதுவே போட வெச்சுது. வியாழக்கிழமை என்ன ஓட்டம்!"

"வியாழக்கிழமையா?"

"சிவப்புத் தொப்பி ஏறியிருந்தாரே."

சிவப்புத் தொப்பி அந்த லாயத்தின் பயிற்சி ஓட்டக்காரர். எந்தக் காலத்திலும் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். காலையில் சாமரத்தை அவர்தான் ஓட்டுவார், வேறு யாரும் தொட்டதில்லை.

லாயக்காரர் சிரித்தே விட்டார். "அது கூர்மதி சார்! சாமரம் வியாழக்கிழமை வெளியவே வரலையே. முன்னங்காலை ஐஸ் வாளிக்குள்ள விட்டுக்கிட்டுல்ல நின்னுச்சு. தொப்பிக்கு ஏற குதிரை இல்லாமக் கூர்மதியைக் குடுத்தாங்க."

அப்பா டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

"நாலு காலுக்கும் கட்டு போட்டிருந்துச்சே" என்றார்.

"இப்ப எல்லாத்துக்கும் கட்டித்தான் விடுறோம். பூச்சிக்கடி தாங்க முடியல." அப்போதுதான் லாயக்காரருக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். "சார், நான் சொன்னேன்னு மட்டும் வாயைத் திறந்துராதீங்க. வீக்கம் வடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு, அதான் ஓட விடுறாங்க. எனக்கு மூணு புள்ளைங்க சார்."

"உன் பேர் வராது. போ."

கட்டு போட்டிருந்ததால் பின்னங்காலின் வெள்ளை தெரியவில்லை. தொப்பி மட்டும் தெரிந்தது. மற்ற எந்தக் குதிரையாக இருந்தாலும் 'தெரியவில்லை' என்று எழுதியிருப்பார். அதை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், என்னிடம் இல்லை, அந்தப் பலகையைப் பார்த்து: "எனக்கு அது சாமரமா இருக்கணும்னு இருந்துச்சு."

பிறகு நடக்க ஆரம்பித்தார். நான் ஓட வேண்டியிருந்தது.

தம்பிக்குப் போன் செய்ய முடியாது. பந்தய நாளில் ஜாக்கிகள் உள்ளே நுழைந்ததும் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அவர்கள் அறைக்கு வெளியாள் போக முடியாது. பத்திரிகைக்காரர் ஒரு ஜாக்கியிடம் ஒரு வார்த்தை பேசினாலும் குற்றம், அப்பனாக இருந்தால் இரட்டைக் குற்றம். அப்பா நேராகப் பயிற்சியாளரிடம் போனார். அவர் முதலாளியின் விருந்தாளிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஒதுங்கி வந்தார்.

"சாமரத்துக்கு முன்னங்கால் எப்படி இருக்கு?"

"யார் சொன்னா?"

"கேக்குறேன்."

"சார், நீங்க எழுதுற ஆளு. அருமையா எழுதிட்டீங்க. இனிமே வேலை எங்களுது. போய் உக்காந்து பாருங்க."

"அதை ஓட விடாதீங்க. நான் பாத்தது இதை இல்ல."

பயிற்சியாளர் விருந்தாளிகள் பக்கம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டுத் திரும்பினார். குரல் மட்டும் மாறியது. "பையன் மேல இவ்வளவு பயம் இருக்குறவரு பல் டாக்டருக்குப் படிக்க வெச்சிருக்கணும்."

மூன்றாவது, நான்காவது ஓட்டங்கள் எங்களைச் சுற்றி நடந்தன. குதிரை டாக்டரைத் தேடினோம். அவர் ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு, மைதானத்தின் மறுகோடிக்குப் போயிருந்தார். ஐந்தாவது முடிந்ததும் ஆறாவது ஓட்டத்துக் குதிரைகளை வட்டத்தில் நடக்கவிட்டார்கள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமரத்தின் கால்களையே பார்த்தார். மெத்தென்ற மணல். எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி நடந்தது. "வலி மருந்து குடுத்திருந்தா இங்க தெரியாது" என்றார்.

ஜாக்கிகள் வந்தார்கள். தம்பி பச்சைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது. மைதானத்தில் அவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. ஹெல்மெட்டின் விளிம்பைத் தொட்டுக் காட்டினான். அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று. அதற்குள் லாயக்காரர் அவன் காலைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டார். குதிரை நகர்ந்தது. லாயக்காரர் கடைசிவரை எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பந்தய நடுவர்களின் அறை மாடியில். அப்பா படியில் இரண்டிரண்டாக ஏறினார். வாசலில் நின்ற ஆள் தடுத்தபோது அவனைத் தாண்டிப் போனார். தலைமை நடுவர் ஒரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். சன்னல் வழியாகக் குதிரைகள் ஒவ்வொன்றாகத் தொடங்குமிடத்தை நோக்கி ஓடுவது தெரிந்தது.

"மேடம், நாலாம் நம்பர் குதிரையைத் திரும்ப ஒருதடவை டாக்டர் பாக்கணும். கல்லு ரோட்டுல ஓட விட்டுப் பாக்கணும்."

"காரணம்?"

"நான் வியாழக்கிழமை பாத்த ஓட்டம் அதோடது இல்ல. அடையாளம் தப்பாயிருச்சு. அது அன்னிக்கி ஓடவே இல்லைன்னு இப்பதான் தெரியுது."

"யார் சொன்னாங்க?"

அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "யாரும் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து சாயங்காலம் இந்தக் குதிரை ஜெயிக்கும்னு கொட்டை எழுத்துல போடுறீங்க. ஊரே இது மேல கட்டியிருக்கு. ஓட்டம் ஆரம்பிக்கப் போற நேரத்துல வந்து நிறுத்துங்கன்னு சொல்றீங்க. மேல உக்காந்திருக்கிறது உங்க பையன். இதை வெளியிலருந்து பாக்குறவன் என்ன நினைப்பான்?"

"திருட்டுத்தனம்னு நினைப்பான்."

"நானும் அதைத்தான் நினைக்கணும்."

"நினைங்க மேடம். குதிரையைப் பாருங்க, அப்புறம் நினைங்க."

பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவர், "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். "உங்க அனுமதிச் சீட்டு போகும். விசாரணையில பையனையும் கூப்பிடுவோம். அவன் லைசென்ஸும் போகலாம்."

காகிதத்தை நகர்த்தினார்கள். அப்பா பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. நான் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒலிபெருக்கி குதிரைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. கடைசிக் குதிரையும் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"லைசென்ஸ் போனா மறுபடி வாங்கிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் படித்து முடிப்பதற்குள் டாக்டரைக் கூப்பிடக் கம்பியில்லாக் கருவியை எடுத்துவிட்டார்.

நாங்கள் மாடி விளிம்புக்கு வந்தோம். அப்பா தன் பைனாகுலரை என்னிடம் நீட்டினார். "நீ பாத்துச் சொல்லு" என்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுக்கக் குதிரை பார்த்தவர்.

"எதைப் பாக்கணும்?"

"பச்சைச் சட்டை எங்க நிக்குது?"

"மத்ததெல்லாம் ஓட்டம் ஆரம்பிக்கிற கூண்டுக்குள்ள போய்க்கிட்டிருக்கு. பச்சை மட்டும் வெளிய நிக்குது. ஒருத்தர் பக்கத்துல வர்றார். வெள்ளைக் கோட்டு."

"டாக்டர். அப்புறம்?"

"ஏதோ பேசுறாங்க. தம்பி தலையை ஆட்டுறான். கையை நீட்டிப் பேசுறான். கோவமா இருக்கான் போல."

"இறங்குனானா?"

"இறங்கிட்டான். இல்ல, இல்ல. இறங்கல. ரோட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போறாங்க. ஓட விடுறாங்க. போகுது, திரும்பி வருது."

"தலை எப்படி இருக்கு? ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்குதா?"

"எனக்குத் தெரியலப்பா."

"பாரு!"

"தூக்குது... ஆமா. தூக்குது. ஒரு கால் வைக்கும்போது மட்டும்."

கீழே கூட்டத்தில் ஒரு குரல், "நம்ம குதிரையை எதுக்குய்யா ஊர்வலம் விடுறாங்க?" என்றது. யாரோ சிரித்தார்கள். டாக்டர் கையைத் தூக்கினார். தம்பி இன்னும் மேலேயே இருந்தான். டாக்டர் மறுபடி ஏதோ சொன்னார். அதன் பிறகு அவன் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு காலைச் சுழற்றிக் கீழே குதித்தான்.

"இறங்கிட்டான்" என்றேன். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் எண் சாமரம் மருத்துவர் ஆலோசனைப்படி விலக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்தக் கூச்சலை நான் மறக்கமாட்டேன். மடித்த பத்திரிகைகள் மேலே பறந்தன. ஓட்டம் நடந்தது. கூர்மதி யாரும் கிட்ட வரமுடியாதபடி ஜெயித்தது. அப்பா வியாழக்கிழமை பார்த்த அதே ஓட்டம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "முழுசா இருக்கான்" என்றேன். "வேற என்ன?" என்றாள். "வீட்டுக்கு வந்து சொல்றேன்."

தம்பி எங்களுக்குப் பிறகு வந்தான். பையை எறிந்தான். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவன் என்னிடம்தான் பேசினான்.

"ஒரு பேரை மாத்தி சொல்லியிருந்தா இன்னிக்கி கூர்மதி மேல நான் இருந்திருப்பேன்க்கா. ஒரு பேரு."

அம்மா அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"டாக்டர் இறங்குன்னாரு. எங்கப்பா பாத்த குதிரைங்க இது, நல்லாப் பாருங்கன்னு சண்டை போட்டேன். உங்கப்பாதான்டா சொல்லி அனுப்பியிருக்காருன்னாரு." கோபம் வடிந்த குரலில் மிச்சத்தைச் சொன்னான். "போகும்போதே எனக்குத் தெரிஞ்சுது. வலது கால் ரெண்டு தடவை இடறுச்சு. வேற எந்தக் குதிரையா இருந்தாலும் நானே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். அப்பா எழுதியிருக்காரேன்னு விட்டுட்டேன்."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா அதை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சாமரத்தின் முன்னங்கால் தசைநாரில் கிழிசல் இருந்தது. ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விசாரணையில் கேட்டார்கள். சொல்ல முடியாது, முழுத் தூரமும் ஓடி முடித்திருக்கலாம், பாதியில் கால் மடிந்து விழுந்தும் இருக்கலாம் என்றார். தம்பியை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பயிற்சியாளருக்கு அபராதம். அப்பாவின் அனுமதிச் சீட்டைப் பருவம் முடியும்வரை பிடுங்கிக்கொண்டார்கள். லாயக்காரர் பெயர் எங்கும் வரவில்லை. மைதானத்துக்கு வெளியே நின்று எழுத மாட்டேன் என்று அப்பா பத்திரிகை வேலையையும் நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்கு முன் ஒன்று மட்டும் எழுதிக் கொடுத்தார். "வியாழக்கிழமை நான் பார்த்தது கூர்மதியை, சாமரம் என்று எழுதியது என் தவறு." அவ்வளவுதான்.

உதவி ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். "கீழ ஒரு ஓரத்துல பொடி எழுத்துல போட்டுரலாம் சார். யாரும் பாக்க மாட்டாங்க."

"தப்பு எந்த எழுத்துல வந்துச்சு?"

"கொட்டை எழுத்துல."

"அப்ப?"

அதே எழுத்தில் வந்தது.

தம்பியும் அவரும் பேசிக்கொள்ளப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கும். தொடங்கிவைத்தது தம்பிதான். ஒருநாள் அப்பா தரையில் வெள்ளைக் கித்தான் துணியை விரித்துச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். மைதானத்துப் பொறுப்பாளரிடம் போய், காலை ஓட்டத்துக்கும் எண் துணி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யார் தருவது என்று அவர் கேட்டிருக்கிறார். நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அம்மா தையல் மெஷினைத் தரமாட்டேன் என்றாள். "அதுல குதிரை நாத்தம் வரக்கூடாது." அதனால் கையால் தைக்க உட்கார்ந்தார். அவர் தைத்திருந்த முதல் '2' கோணலாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி வாசலில் நின்று பார்த்தான்.

"இது ரெண்டா, வாத்தா?" என்றான்.

அப்பா நிமிரவில்லை. "அப்ப நீ வரைஞ்சு குடு."

அன்றிலிருந்து தம்பி பென்சிலால் எண்களை வரைவான், அப்பா அந்தக் கோட்டின் மேலேயே கறுப்பு நூலால் தைப்பார். அடுத்த பருவத்தில் சீட்டு திரும்பக் கிடைத்தது, பத்திரிகையும் கூப்பிட்டது. பழைய வாசகர்கள் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். "சார், இந்தக் குதிரை அந்தக் குதிரைதானே?" என்பார்கள். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன லாயங்கள் ஒவ்வொன்றாகத் துணியை வாங்கிக்கொண்டன. கையில் சதுரத்துடன்தான் தொலைக்காட்சி பார்ப்பார். அந்தப் பெரிய லாயத்துப் பயிற்சியாளர் மட்டும் வருடக்கணக்கில் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் லாயக்காரரிடம், எட்டுத் துணி வேண்டும், கம்பியிடம் கேள் என்று சொல்லி அனுப்பினார்.

ஏழு துணிகளைத் தைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். எட்டாவது துணியில் ஊசி குத்தியபடி இருக்கிறது. எட்டின் மேல் வட்டம் கறுப்பு நூலில் முடிந்திருக்கிறது. கீழ் வட்டம் தம்பி போட்ட பென்சில் கோடு.